கைப்பேசிக்குப் பின்னால் இருக்கும் ஆய்வுக்கூடங்கள்

"சார், கைப்பேசியைக் கண்டுபிடித்தவர் யார்?" என்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். 1973ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் நியூயார்க் நகரத் தெருவில் நின்றபடி, கையில் பிடித்துப் பேசும் கருவியில் முதன்முதலாகப் பேசியவர் மோட்டரோலா நிறுவனத்தின் பொறியாளர் மார்ட்டின் கூப்பர். ஆனால் அந்தப் பெயரோடு விடை முடிந்துவிடுவதில்லை. இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் கருவி பல்லாயிரம் பேருடைய உழைப்பு. அத்தனை பேரும் வேலையை எவ்வாறு பங்கிட்டுக் கொள்கிறார்கள்? பின்லாந்து நாட்டின் நோக்கியா நிறுவனத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு காண்போம்.

1865ஆம் ஆண்டு மரக்கூழ் ஆலையாகத் தொடங்கிய நிறுவனம் இது. 1998 முதல் 2011 வரை உலகிலேயே மிக அதிகமாகக் கைப்பேசிகளை விற்றது. அதன் ஆராய்ச்சி வேலையை மூன்று படிகளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதற்படி: நாளைய தேவை

1986ஆம் ஆண்டு நோக்கியா ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு கடைக்கு வரும் கருவியைப் பற்றி இங்குள்ளோர் கவலைப்படுவதில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் என்ன தேவைப்படும் என்பதே இவர்கள் கேள்வி. கேம்பிரிட்ஜ் போன்ற பல்கலைக்கழகங்களுடனும் சேர்ந்து வேலை செய்தார்கள்.

இங்கே 2001ஆம் ஆண்டு ஒரு சிக்கலை ஆராயத் தொடங்கினர். புளூடூத் முறையில் செய்தி அனுப்பினால் சிறிய மின்கலம் விரைவில் தீர்ந்துவிடுகிறது. மிகக் குறைந்த ஆற்றலில் செய்தி அனுப்ப முடியாதா? ஓயாமல் பேசிக்கொண்டிராமல், பெரும்பாலான நேரம் உறங்கி, கணப்பொழுது விழித்துச் செய்தியை அனுப்பிவிட்டு மீண்டும் உறங்கும் முறையை வகுத்தனர். அது 2006ஆம் ஆண்டு வைப்ரீ என்னும் பெயரில் வெளியிடப்பட்டது; 2010இல் புளூடூத் முறையின் ஒரு பகுதியாயிற்று. இன்று நாடித்துடிப்பு அளக்கும் கைப்பட்டைகள் பலவும் இம்முறையில்தான் பேசுகின்றன.

இரண்டாம் படி: பொது விதிகள்

ஒரு நிறுவனத்தின் கைப்பேசி மற்றொரு நிறுவனத்தின் கோபுரத்தோடு பேச வேண்டுமானால் இருவருக்கும் பொதுவான விதிகள் வேண்டும். இதற்காக ஐரோப்பிய நாடுகளின் தொலைத்தொடர்புத் துறைகள் 1982ஆம் ஆண்டு ஒரு குழுவை அமைத்தன. அதில் பிறந்ததே ஜி.எஸ்.எம். முறை. போட்டி நிறுவனங்களின் பொறியாளர்கள் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து விதிகளை வகுத்தனர். 1991 ஜூலை 1ஆம் நாள் பின்லாந்தின் முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கேரி இம்முறையில் பேசித் தொடங்கி வைத்தார்.

மூன்றாம் படி: கருவி உருவாதல்

பொறியாளர்களுள் பெரும்பாலோர் வேலை செய்வது இப்படியில்தான். ஒரு குழு மின்சுற்றை அமைக்கும். ஒன்று மென்பொருள் எழுதும். மற்றொன்று மேலுறையை வடிவமைக்கும். இவர்களுக்குள் இழுபறி நடப்பதும் உண்டு.

ஏரியலை எடுத்துக் கொள்வோம். ஜி.எஸ்.எம். பயன்படுத்திய ஓர் அலையின் அதிர்வெண் நொடிக்கு 90 கோடி. ஒளியின் வேகம் நொடிக்கு 30 கோடி மீட்டர். வகுத்துப் பாருங்கள்: அலைநீளம் 33 சென்டிமீட்டர். நல்ல ஏரியலுக்கு இதில் கால் பங்கு, அதாவது ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். எனவேதான் பழைய கைப்பேசிகளில் ஒரு கொம்பு நீட்டிக்கொண்டிருந்தது. "கொம்பு வேண்டாம்" என்பார் வடிவமைப்பாளர். "அதை உள்ளே வைத்தால் கை அலைகளை உறிஞ்சிவிடும்" என்பார் வானொலிப் பொறியாளர். உலோகத் தகட்டை மடித்து மேலுறைக்குள் அமைத்து இச்சிக்கலைத் தீர்த்தனர். 1998ஆம் ஆண்டு வந்த நோக்கியா 8810 கொம்பில்லாமல் வெளிவந்தது.

பிறகு சோதனைகள். அலைகளை எதிரொளிக்காத பஞ்சுக் கூம்புகள் பதித்த அறையில் ஏரியலைச் சோதிப்பார்கள். கருவியைக் கீழே போடுவார்கள். வெப்பத்திலும் ஈரத்திலும் வைப்பார்கள். தேறினால்தான் தொழிற்சாலைக்குப் போகும்.

எங்கே தவறியது?

இவ்வளவு ஏற்பாடும் இருந்த நிறுவனம் ஏன் சறுக்கியது? பணக்குறை காரணமன்று. 2008ஆம் ஆண்டு அது ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் செலவிட்டது ஏறக்குறைய 600 கோடி யூரோ. இதில் கோபுரக் கருவிகளுக்கான செலவும் அடங்கும். அவ்வாண்டு ஆப்பிள் செலவிட்டது ஏறக்குறைய 110 கோடி டாலர்தான்.

தொடுதிரையும் நோக்கியாவுக்குப் புதிதன்று. 2004ஆம் ஆண்டே 7710 என்னும் தொடுதிரைக் கைப்பேசியை அது அறிவித்திருந்தது. ஆனால் சிம்பியன், மேமோ என்று வெவ்வேறு மென்பொருள்களை வெவ்வேறு குழுக்கள் ஒரே காலத்தில் வளர்த்து வந்தன. ஆற்றல் சிதறியது. 2007இல் ஐபோன் வந்தபின், எதை நம்பிச் செல்வது என்று முடிவு செய்யவே ஆண்டுகள் கழிந்தன. 2011இல் சொந்த மென்பொருளைக் கைவிட்டு மைக்ரோசாஃப்டின் மென்பொருளை ஏற்றது. 2014 ஏப்ரலில் கைப்பேசிப் பிரிவே மைக்ரோசாஃப்டின் கைக்குப் போயிற்று.

அதன் விளைவு நம் ஊர் வரை வந்தது. திருப்பெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பரில் நின்றது. கைப்பேசிப் பிரிவின் விற்பனையோடு வரி வழக்கும் அதற்குக் காரணம். ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வேலை இழந்தனர். எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் தாமதமாகும் முடிவு எவ்வளவு தூரம் பாய்கிறது, பாருங்கள்!

எனினும் ஆராய்ச்சி வீணாகிவிடவில்லை. நோக்கியா தன் காப்புரிமைகளை விற்காமல் வைத்துக்கொண்டது. இன்றும் அவற்றால் வருவாய் பெறுகிறது. 2016இல் அல்காடெல் லூசென்ட் நிறுவனத்தை வாங்கியபோது, டிரான்சிஸ்டர் பிறந்த பெல் ஆய்வுக்கூடமும் அதனுடன் சேர்ந்தது. இப்போது அது வலைப்பின்னல் கருவிகளைச் செய்கிறது.

என் மாணவனுக்கு நான் சொன்ன விடை இதுதான்: "தம்பி, கைப்பேசியைக் கண்டுபிடித்தவர்கள் பலர். அவர்களில் இயற்பியல் அறிந்தவர் உண்டு, கணக்கு அறிந்தவர் உண்டு, மண்ணில் போட்டு உடைத்துப் பார்த்தவரும் உண்டு. ஒருவர் அறிந்ததை மற்றவர் உரிய நேரத்தில் கேட்டுக்கொண்டால்தான் கருவி பிறக்கும். அடுத்த செய்முறை வகுப்பில் உன் குழுவில் யாராவது ஒரு யோசனை சொன்னால், முதலில் அதைக் காது கொடுத்துக் கேள்."