நடை வேகத்தில் ஐந்து கிலோமீட்டர்

அக்கா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் மூன்று சி.டி.க்கள் கிடைத்தன. கறுப்பு மார்க்கரில் ‘திருமணம் 1’, ‘திருமணம் 2’, ‘திருமணம் 3’ என்று எழுதியிருந்தது. அக்காவின் கல்யாண வீடியோ. ஆறாம் வகுப்பு படிக்கும் அவள் மகள் அந்த டப்பாவை விட்டு நகரவே இல்லை. அவள் பிறப்பதற்கு முன்பே இறந்துபோன தாத்தாவை அவள் போட்டோவில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

“இதுல தாத்தா நடப்பாரா மாமா?”

அதே பரணில் பழைய வி.சி.டி. பிளேயரும் இருந்தது. தூசி தட்டி, மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களை டி.வி.யில் செருகினோம். தட்டு வெளியே வந்தது. முதல் சி.டி.யை வாங்கிக்கொண்டு உள்ளே போனது. ‘கிர்ர்... கிர்ர்...’ என்று முனகியது. பிறகு ‘நோ டிஸ்க்’ என்று காட்டிவிட்டு அடங்கிவிட்டது.

அவள் முகத்தைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியுமா? ஸ்குரூ டிரைவரைக் கொண்டுவரச் சொன்னேன்.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்லவேண்டும். பிளேயரை நீங்களாகத் திறக்காதீர்கள். வேலை தெரிந்த பெரியவர் பக்கத்தில் இருக்கவேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் கொஞ்ச நேரம் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதைத் தொட்டால் பலமான ஷாக் அடிக்கும். சி.டி.யைப் படிக்கும் லேசரோ 780 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட அகச்சிவப்பு ஒளி. அதன் முழு பலமும் கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான் அது கண்ணுக்கு ஆபத்து. மூடியைக் கழற்றிவைத்துக்கொண்டு பிளேயரை ஓடவிடக் கூடாது.

மூடியைத் திறந்ததும் அவள் எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று மோட்டார்கள்!

முதலாவது, தட்டை உள்ளே வெளியே தள்ளுவது. இது ஒரு சின்ன ரப்பர் பெல்ட் வழியாக வேலை செய்யும். தட்டு திறக்க மறுத்தால் பெரும்பாலும் பெல்ட்தான் தளர்ந்திருக்கும். எங்கள் தட்டு ஒழுங்காக வந்து போனதால் அதை விட்டுவிட்டோம்.

இரண்டாவது, லென்ஸை நகர்த்துவது. சி.டி.யை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகப் படிக்கவேண்டும். கிராமபோன் தட்டுக்கு நேர் எதிர். மையத்திலிருந்து 25 மில்லிமீட்டர் தள்ளி ஆரம்பித்து 58 மில்லிமீட்டரில் முடியும். அந்த 33 மில்லிமீட்டரைக் கடக்க 74 நிமிடம் ஆகும். வகுத்துப் பாருங்கள்: நிமிடத்துக்கு அரை மில்லிமீட்டர்கூட வராது. உங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் சின்ன முள் 8 சென்டிமீட்டர் நீளம் என்றால், அதன் நுனிகூட இதைவிட வேகமாகப் போகும்! இந்த மோட்டார் கெட்டால் படம் நன்றாக ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் ஒரே இடத்தில் திக்கித் திக்கி நிற்கும். எங்கள் பிளேயரோ ஆரம்பிக்கவே இல்லை.

ஆக மிஞ்சியது மூன்றாவது, சி.டி.யையே சுற்றும் மோட்டார். அதற்கு முன் லென்ஸைப் பஞ்சால் மெல்லத் துடைத்துப் பார்த்தேன். தூசி படிந்த லென்ஸாலும் ‘நோ டிஸ்க்’ வரலாம். ஆனால் துடைத்த பிறகும் அதே முனகல்தான். மோட்டாரின் ஒயர்களைக் கழற்றிவிட்டு, கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் பேட்டரியை அதில் தொட்டேன். சுற்றவில்லை. அவளை விரலால் லேசாகத் தள்ளிவிடச் சொன்னேன். சுற்ற ஆரம்பித்தது! நிறுத்தினோம். மறுபடி தொட்டோம். சில தடவை தானே கிளம்பியது, சில தடவை தள்ளினால்தான் கிளம்பியது.

“தூங்குமூஞ்சி மோட்டார்” என்றாள். நோய் பிடிபட்டுவிட்டது.

மோட்டாரைத் தேடிப் போவதற்கு முன், அது செய்யும் வேலை எவ்வளவு நுட்பமானது என்று அவளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். நீங்களும் பென்சிலை எடுங்கள்.

சி.டி.யில் இருப்பது ஒரே ஒரு சுருள் பாதை. கொசுவர்த்திச் சுருளை நினைத்துக்கொள்ளுங்கள், அதைவிடப் பல ஆயிரம் மடங்கு நெருக்கமாக. பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகளுக்கு நடுவே 1.6 மைக்ரோமீட்டர்தான் இடைவெளி. ஒரு மில்லிமீட்டருக்குள் 600 சுற்றுகளுக்கு மேல் அடங்கிவிடும். இந்தப் பாதை லேசருக்கு அடியில் நொடிக்கு சுமார் 1.25 மீட்டர் வேகத்தில் நகர்கிறது. அது கிட்டத்தட்ட நாம் நடக்கும் வேகம். 74 நிமிடம் அப்படி நடந்தால் ஐந்தரை கிலோமீட்டர் வருகிறது. உள்ளங்கை அகலச் சி.டி.க்குள் ஐந்தரை கிலோமீட்டர் பாதை சுருண்டு கிடக்கிறது!

அடுத்த கணக்கு இன்னும் அழகு. ஆரம்பத்தில், 25 மில்லிமீட்டர் ஆரத்தில், ஒரு சுற்றின் நீளம் 157 மில்லிமீட்டர். நொடிக்கு 1250 மில்லிமீட்டர் நகர சி.டி. எட்டுத் தடவை சுற்றவேண்டும். கடைசியில் ஒரு சுற்றே 364 மில்லிமீட்டர். இப்போது நொடிக்கு மூன்றரைச் சுற்றுக்கும் குறைவாகவே போதும். அதாவது நிமிடத்துக்கு 480 சுற்றில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, சுமார் 200 சுற்றில் முடியவேண்டும்.

“மோட்டாருக்கு இதை யார் சொல்றாங்க?”

கேட்கவேண்டிய கேள்வி அதுதான். சி.டி.தான் சொல்கிறது. அதில் எழுதியிருப்பதெல்லாம் குட்டிக் குட்டிப் பொட்டலங்களாக இருக்கிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் ஓர் அடையாளக் குறி. சரியான வேகத்தில் நொடிக்கு 7,350 குறிகள் லேசரைக் கடக்கும். பிளேயருக்குள் ஒரு குவார்ட்ஸ் படிகம், கைக்கடிகாரத்தில் இருப்பது போலவே, பிசகாமல் துடித்துக்கொண்டிருக்கிறது. குறிகள் மெதுவாக வந்தால் மோட்டாருக்கு மின்னழுத்தம் கூடும். முந்திக்கொண்டு வந்தால் குறையும். நட்டுவனார் தட்டும் தாளத்துக்கு ஆடுபவர் கால் வைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? படிகம் தாளம் தட்டுகிறது, மோட்டார் ஆடுகிறது. 1982 அக்டோபரில் ஜப்பானில் முதல் சி.டி. பிளேயர் விற்பனைக்கு வந்தபோதே இந்த ஏற்பாடு அதற்குள் இருந்தது. எனக்கு இன்றைக்கும் இது வியப்பாகத்தான் இருக்கிறது.

இதனால் நமக்கு ஒரு நன்மை. புது மோட்டார் பழையதைவிடச் சற்று வேகமாகவோ மெதுவாகவோ சுற்றும் இயல்புடையதாக இருந்தாலும் பிளேயர் அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். ஆனால் எல்லை உண்டு. கண்ட மோட்டாரையும் வைத்துவிட முடியாது.

பழைய மோட்டாரைக் கழற்றி முதுகைத் துடைத்தோம். தயாரித்தவர் பெயர் இல்லை. ‘ஆர்எஃப்-300எஃப்ஏ-12350’ என்று மட்டும் இருந்தது. இந்த மாதிரி எண் எழுதும் வழக்கம் ஜப்பானின் மபுச்சி நிறுவனத்துடையது. 1954-இல் தொடங்கி, பொம்மைகளுக்கான சின்ன மோட்டார்களால் பெயர் பெற்ற நிறுவனம் அது. வேறு பலரும் அதே எண்ணையே பயன்படுத்துகிறார்கள். கடைசி ஐந்து இலக்கத்தைப் பிரித்துப் படியுங்கள்: 12, 350. உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பியின் தடிமன் 0.12 மில்லிமீட்டர், ஒவ்வொரு சுருளிலும் 350 சுற்று. மோட்டாரைத் திறக்காமலே அதன் வயிற்றுக்குள் இருப்பதைப் படித்துவிட்டோம்!

மோட்டாரை அவளுடைய டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டு, சென்னை அண்ணா சாலையிலிருந்து பிரியும் ரிச்சி தெருவுக்குப் போனோம். எலக்ட்ரானிக் சாமான்களுக்கென்றே ஆன தெரு அது. முதல் இரண்டு கடைகளில் கையை விரித்துவிட்டார்கள். “இப்ப யாரு சார் சி.டி. கேக்கறாங்க?” மூன்றாவது கடைக்காரர் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து கவிழ்த்தார். நாலு மோட்டார்கள் உருண்டு வந்தன. நாலும் அச்சு அசல் எங்களுடையது போலவே, 24 மில்லிமீட்டர் சொச்சம் அகலத்தில், தட்டையாக.

“எண்ணைப் பாரு” என்றேன்.

மூன்றில் 11440 என்று இருந்தது. 0.11 மில்லிமீட்டர் கம்பி, 440 சுற்று. முகம் ஒன்றுதான், வயிறு வேறு. சுற்று கூடினால் என்ன ஆகும் என்று கடைக்காரர் அனுமதியோடு அங்கேயே ஒரு சோதனை செய்தோம். உங்களுக்கு ஒரு பழைய பொம்மை மோட்டார் கிடைத்தால் நீங்களும் செய்யலாம். அச்சை விரலால் சுழற்றிவிடுங்கள், லேசாகச் சுற்றும். இப்போது அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் ஒன்றோடு ஒன்று இணையுங்கள். மறுபடி சுழற்றுங்கள். இறுகிப் பிடிப்பது போல் இருக்கிறதா?

சுற்றும் மோட்டார், தானே சைக்கிள் டைனமோ போல மின்சாரம் உண்டாக்குகிறது. அந்த மின்சாரத்துக்கு வழி கிடைத்ததும் அது சுழற்சியை எதிர்க்கிறது. பேட்டரியில் ஓடும்போதும் இதேதான். மோட்டார் வேகமாகச் சுற்றச் சுற்ற, உள்ளே உண்டாகும் எதிர் மின்னழுத்தம் பேட்டரியோடு மல்லுக்கு நிற்கும். இரண்டும் ஏறக்குறையச் சமமாகும் இடத்தில் வேகம் நிலைத்துவிடும். ஒரே மாதிரிக் காந்தம் என்றால், கம்பிச் சுற்று அதிகமுள்ள மோட்டாரில் அந்த எதிர்ப்பு சீக்கிரமே எழும். அதனால் அது மெதுவாகச் சுற்றும்.

நாலாவது மோட்டாரில் 12350 என்றே இருந்தது! அவள் துள்ளினாள். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதன் அச்சு எங்களுடையதைவிடக் குட்டை. தடிமன் அதே 2 மில்லிமீட்டர்தான், நீளம் போதாது. சி.டி. உட்காரும் மேடையை அதில் சரியான உயரத்தில் பொருத்த முடியாது.

கடை மூலையில் செத்துப்போன பிளேயர்கள் அடுக்கியிருந்தன. “அதுல இருந்து சி.டி. சுத்தற மோட்டாரைக் கழட்டிக்கலாமா அண்ணே?” என்று கேட்டேன். “அதெல்லாம் நல்லா ஓடித் தேஞ்சது சார். வச்சா நாலு மாசம் வரும்” என்றார்.

அப்போதுதான் அவள் கேட்டாள்: “மாமா, தட்டைத் தள்ற மோட்டார் ஒரு சி.டி.க்கு ரெண்டு செகண்டுதானே ஓடும்? அது புதுசாத்தானே இருக்கும்?”

கடைக்காரரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நானும் எத்தனையோ பிளேயர்களைப் பிரித்திருக்கிறேன். எனக்கு இது தோன்றியதில்லை. ஒன்று 74 நிமிடம் ஓடும் நேரத்தில் இன்னொன்று உள்ளே ஒரு முறை, வெளியே ஒரு முறை, சில நொடி ஓடியிருக்கும். கடைக்காரர் உற்சாகமாகி மூன்று பிளேயர்களைப் பிரித்தார். இரண்டில் வேறு எண். மூன்றாவதில் 12350, அச்சும் எங்கள் நீளமே. பெல்ட் ஓடும் சின்னச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு எங்கள் டிபன் டப்பாவில் போட்டார்.

வீட்டில் கஷ்டமான வேலை காத்திருந்தது. சி.டி. உட்காரும் மேடை, அச்சில் இறுக்கமாகச் செருகியிருக்கும். புது மோட்டாரிலும் அது அதே உயரத்தில் நிற்கவேண்டும். இல்லாவிட்டால் லென்ஸால் குவியத்தைப் பிடிக்க முடியாது. கழற்றுவதற்கு முன்பே, மேடைக்கும் மோட்டாருக்கும் நடுவே இருக்கும் சந்தில் விசிட்டிங் கார்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் செருகச் சொல்லியிருந்தேன். பதினோரு துண்டு போனது, பன்னிரண்டாவது போகவில்லை. அந்தப் பதினொன்றையும் நூலால் கட்டி வைத்திருந்தாள். இப்போது அதே கட்டைப் புது மோட்டாரின்மேல் வைத்து, மேடையை நேராக, அது முட்டும்வரை அழுத்தினோம். அளவு கச்சிதம்.

ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைக்கும் முன் இன்னொரு எச்சரிக்கை. இரண்டு ஒயரையும் மாற்றிப் போட்டால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும், மறுபடியும் ‘நோ டிஸ்க்’ வரும். பேட்டரியை வைத்துத் திசையைச் சரிபார்த்த பிறகே பற்றவைத்தேன்.

ஈயம் ஆறும்வரை, செத்த மோட்டாரைப் பிரித்தோம். நடுவே மூன்று சுருள்கள்; அச்சைச் சுற்றி மூன்று செம்புத் துண்டுகள்; அவற்றை உரசிக்கொண்டு முடி போன்ற மெல்லிய உலோக விரல்கள் இரண்டு. ஏன் மூன்று சுருள்? இரண்டே இருந்தால், காந்தத்துக்கு நேராக நிற்கும் ஒரு நிலையில் எந்தப் பக்கமும் தள்ளல் கிடைக்காமல் நின்றுவிடலாம். மூன்று இருந்தால் எப்போதும் ஏதாவது ஒன்று தள்ளும். எங்களுடையதில் ஒரு செம்புத் துண்டு தேய்ந்து கறுத்திருந்தது. அந்த இடத்தில் நின்றுவிட்டால் மின்சாரம் உள்ளே போக வழியில்லை. விரலால் தள்ளும்போது அடுத்த துண்டுக்குப் போய்விடுகிறது. தூங்குமூஞ்சியின் ரகசியம் இவ்வளவுதான்.

மூடியை மாட்டி, ‘திருமணம் 1’-ஐ வைத்தோம். முனகல் இல்லை. மெல்லிய ரீங்காரம். திரையில் வாழைமரம் கட்டிய வாசல் தெரிந்தது. பன்னீர்ச் செம்போடு நின்ற கூட்டத்தை விலக்கிக்கொண்டு, வேட்டி நுனியைப் பிடித்தபடி, தாத்தா வேகவேகமாக நடந்து வந்தார். அக்கா சமையலறையிலிருந்து ஓடிவந்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பந்தி பரிமாறும் காட்சி வந்தபோது இவளைக் காணோம். பார்த்தால், தரையில் படுத்துப் பிளேயரின்மேல் காதை வைத்திருக்கிறாள்.

“மாமா, சத்தம் இறங்கிருச்சு. இப்ப மூணரைச் சுத்துக்கு வந்திருக்கும். அடுத்த சி.டி. போட்டா மறுபடி எட்டுலேர்ந்து ஆரம்பிக்கும்ல?”

‘திருமணம் 2’-ஐ டப்பாவிலிருந்து எடுத்து அவளிடம் நீட்டினேன்.