லேசர் அடித்த பிறகு கண்ணில் பூச்சி பறக்கிறதா?

"லேசர் அடிச்சா கண்ணு போயிரும். மேல் லயத்து பெரியம்மாவுக்கு அப்பிடித்தான் ஆச்சு. போறப்ப கொஞ்சமாச்சும் தெரிஞ்சுது. வந்த பொறகு எல்லாம் புகை மாதிரி இருக்காம். கண்ணு முன்னால பூச்சி பூச்சியா பறக்குதாம்."

பீலியடியிலும் பிள்ளைக்காம்பரா வாசலிலும் இப்படிப் பேச்சு அடிபடுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இதில் பாதி உண்மைதான். லேசர் அடித்து வந்தவருக்குச் சில நாள் பார்வை மங்கலாக இருக்கும். கறுப்புப் பூச்சி பறப்பது போலவும் தெரியலாம். ஆனால் அதனால் கண் போய்விட்டது என்று நினைப்பது தவறு. அந்த மங்கலுக்குப் பயந்து அடுத்த முறை லேசருக்குப் போகாமல் லயத்திலேயே இருந்துவிடுகிறவர்களுக்குத்தான் கண் போகும் ஆபத்து அதிகம். ஆகவே எது சாதாரணம், எது ஆபத்து என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

லேசர் எதற்காக?

கண்ணுக்குப் பல காரணங்களுக்காக லேசர் அடிப்பார்கள். இங்கே நாம் பேசுவது, சீனி வருத்தத்தால் கண் பழுதானவர்களுக்கு அடிக்கும் லேசரைப் பற்றி.

கண்ணின் பின்சுவரில் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. அதை விழித்திரை என்பார்கள். நாம் பார்ப்பதெல்லாம் அதில்தான் விழுகிறது. பல வருஷமாகச் சீனி கூடியே இருந்தால் விழித்திரையின் சின்னஞ்சிறு இரத்தக் குழாய்கள் கசியும், அடைபடும். இரத்தம் போய்ச் சேராத பகுதி பட்டினி கிடக்கும். அந்தப் பட்டினியைத் தீர்க்கப் புதுக் குழாய்கள் முளைக்கும். ஆனால் அவற்றுக்குப் பலம் இல்லை. சுலபமாக உடைந்து கண்ணுக்குள்ளே இரத்தத்தைக் கசிய விடும். நாளாக ஆக அவை இறுகி, விழித்திரையையே சுவரிலிருந்து இழுத்துக் கழற்றிவிடும். கண் முழுதாகப் போவது இப்படித்தான்.

லேசர் ஒளி விழித்திரையின் ஓரத்தைச் சிறு சிறு புள்ளியாகச் சுடுகிறது. ஒரு கண்ணுக்கு ஆயிரத்துக்கு மேலே புள்ளி வைக்க வேண்டி வரலாம். அதனால்தான் இரண்டு மூன்று தடவை வரச் சொல்கிறார்கள். ஓரத்தைச் சுட்டதும் அந்தப் பட்டினி குறைந்து, புதுக் குழாய்கள் சுருங்கும். முகம் பார்க்கவும் எழுத்து வாசிக்கவும் உதவும் நடுப்பார்வை தப்பும்.

கவ்வாத்து வெட்டிய மலையைப் பாருங்கள். வெறும் குச்சியாக நிற்கும். அதைப் பார்த்து "தேயிலை செத்துப் போச்சு" என்று நம்மில் யாரும் சொல்வதில்லை. லேசரும் ஓரளவு அப்படித்தான். ஒரு வித்தியாசம் உண்டு. தேயிலை திரும்பத் துளிர்க்கும். சுட்ட ஓரம் துளிர்க்காது. நடுவைக் காப்பாற்ற ஓரத்தைக் கொடுக்கிறோம்.

1970களில் அமெரிக்காவில் பெரிய ஆராய்ச்சி ஒன்று நடந்தது. சீனி வருத்தக்காரரின் ஒரு கண்ணுக்கு மட்டும் லேசர் அடித்து, மற்றக் கண்ணை அப்படியே விட்டுப் பார்த்தார்கள். லேசர் அடித்த கண்களில் கடுமையான பார்வை இழப்பு பாதிக்குப் பாதி குறைந்தது. இது தெரிந்ததும் 1976இல், விட்டுவைத்திருந்த கண்களிலும் ஆபத்து கூடியவற்றுக்கு லேசர் அடிக்க முடிவு செய்தார்கள்.

ஒன்றை மனதில் வையுங்கள். இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான் லேசர். போன பார்வையை அது திருப்பித் தராது. "லேசர் அடிச்சும் நல்லாத் தெரியலையே" என்று மனம் உடைய வேண்டாம்.

மங்கல் ஏன், எத்தனை நாளைக்கு?

லேசருக்கு முன் கண்மணியை விரிக்கத் துளி மருந்து விடுவார்கள். அதனால் சில மணி நேரம், சிலருக்கு மறுநாள் வரை, கிட்ட உள்ளது தெரியாது, வெயில் கூசும். லேசர் வெளிச்சம் பட்டதால் கொஞ்ச நேரம் கண் இருட்டிக்கொண்டும் வரும். பஸ் பலகை வாசிக்க முடியாது. ஆகவே துணைக்கு ஒருவர் கட்டாயம் போக வேண்டும். தொப்பியோ கறுப்புக் கண்ணாடியோ கொண்டு போங்கள்.

அதன் பிறகும் விழித்திரை கொஞ்சம் வீங்குவதால் சில நாள், சிலருக்குச் சில வாரம், புகைமூட்டம் போலத் தெரியும். பெரும்பாலும் மெல்ல மெல்லத் தெளியும். நடுப்பகுதி வீக்கம் குறையாவிட்டால் அதற்கு இப்போது கண்ணுக்குள் போடும் ஊசி மருந்து இருக்கிறது. கிளினிக்கில் டொக்டர் பார்த்துச் சொல்வார்.

பூச்சி போலத் தெரிவது என்ன?

கண்ணுக்குள்ளே முட்டை வெள்ளைக்கரு போல ஒரு களி நிறைந்திருக்கிறது. அதில் துளி இரத்தமோ நூல் போன்ற துணுக்கோ மிதந்தால் அதன் நிழல் விழித்திரையில் விழும். அதுதான் பூச்சியாக, சிலந்தி நூலாக, கரித்தூளாகத் தெரிகிறது. வெள்ளைச் சுவரையோ வானத்தையோ பார்த்தால் கூடத் தெரியும். கண்ணைத் திருப்பினால் அதுவும் கூட ஓடும்.

ஒன்றிரண்டு பூச்சி என்றால் பயப்பட வேண்டாம். வாரங்கள் போகப் போகக் கீழே படிந்துவிடும், அல்லது பழகிவிடும். பூச்சி நடுவில் வந்து மறைத்தால் கண்ணை மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள், அது ஒதுங்கும். அதைக் கரைக்கும் சொட்டு மருந்து எதுவும் இல்லை. தாய்ப்பால், தேன், நந்தியாவட்டைப் பூச்சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள். புண்ணாகிச் சீழ் பிடித்தால் இருக்கிற பார்வையும் போகும்.

இரத்தம் கூடக் கசிந்திருந்தால் தெளிய மாதக்கணக்கு ஆகலாம். தெளியாவிட்டால் அந்தக் களியை எடுக்கும் சத்திர சிகிச்சை உண்டு.

வீட்டிலும் மலையிலும்

லேசர் அடித்த அன்று வேலைக்குப் போக வேண்டாம். "ஒரு பேர் போகுதே" என்ற கவலை நியாயமானது. அதனால் அடுத்த திகதி எழுதும்போதே மலைக்கு எப்போது போகலாம், கூடை சுமக்கலாமா என்று டொக்டரிடம் கேட்டு, கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். அதைத் தோட்ட வைத்தியரிடமும் நலன்புரி உத்தியோகத்தரிடமும் காட்டலாம். கண்ணுக்குள் இரத்தக் கசிவு இருப்பதாகச் சொன்னால், அவர் சரி என்று சொல்லும் வரை பாரம் தூக்காதீர்கள், விறகு கட்டாதீர்கள். இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுங்கள்.

கண் வலித்தால் பரசிட்டமோல் போதும். வேறு வருத்தங்களுக்குக் குடிக்கும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தக் கூடாது.

லேசருக்குப் பிறகு இருட்டில் பார்வையும் பக்கப் பார்வையும் குறையலாம். அது அப்படியே நிலைத்தும் விடலாம். கான் ஓரத்தில் நடக்கும் நமக்கு இது பெரிய விஷயம். அந்திக்கு முன் வீடு வந்து சேருங்கள். டோர்ச் இல்லாமல் வெளியே இறங்காதீர்கள். லயத்துப் படி ஓரங்களில் சுண்ணாம்பு பூசி வையுங்கள். வெயிலிலிருந்து உள்ளே வந்தால் இஸ்தோப்பில் ஒரு நிமிடம் நின்று கண் பழகிய பிறகு நடங்கள். வீட்டுப் பிள்ளைகள் வாளியையும் விறகையும் நடைபாதையில் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உடனே ஓட வேண்டிய அடையாளங்கள்

1. திடீரென்று பூச்சிகள் கூட்டமாக வருதல், கரித்தூள் கொட்டியது போலத் தெரிதல்.
2. மின்னல் வெட்டுவது போல ஓரத்தில் வெளிச்சம் அடித்தல்.
3. திரை இறங்கியது போல ஒரு பக்கம் மறைதல்.
4. பார்வை சடாரென்று குறைதல்.
5. கடுமையான கண்வலி, சிவப்பு, தலைவலி, வாந்தி.

இதில் ஒன்று வந்தாலும் "அடுத்த கிளினிக்குக்குப் பாத்துக்குவோம்" என்று இருக்க வேண்டாம். அன்றைக்கே தோட்ட வைத்தியரிடம் சொல்லி, கண் பிரிவு உள்ள பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். விழித்திரை கழன்றிருந்தால் ஒவ்வொரு நாளும் முக்கியம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. தினமும் காலையில் ஒரு கண்ணைக் கையால் மூடி, சுவரில் தொங்கும் கலண்டரைப் பாருங்கள். பிறகு மற்றக் கண். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒரு கண் கெடுவது தெரியாமலே போய்விடும்.

சீனியை விட்டுவிட்டால்?

சீனியும் பிரஷரும் கூடியே இருந்தால் லேசர் அடித்தும் கண் திரும்பக் கெடும். மாத்திரையையும் ஊசியையும் தவற விடாதீர்கள். சாயத்தண்ணிக்குச் சீனி வேண்டாம். கோதுமை மா ரொட்டியைக் குறைத்து மரக்கறி, கீரை, பருப்பைக் கூட்டுங்கள். பீடி, சுருட்டு, வெற்றிலையோடு போடும் புகையிலை எல்லாவற்றையும் விடுங்கள்.

சீனி வருத்தம் உள்ளவர்கள், கண் நன்றாகத் தெரிந்தாலும், வருஷத்துக்கு ஒரு முறை விழித்திரையைச் சோதிக்க வேண்டும். தொடக்கத்தில் இந்த நோய் எந்த அடையாளமும் காட்டாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குப் பணம் கேட்பதில்லை.

உங்கள் லயத்தில் யாராவது லேசர் அடித்து வந்து "எனக்குக் கண்ணு போச்சு" என்று முடங்கிக் கிடந்தால், இந்தப் பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவருடைய கிளினிக் கொப்பியை எடுத்து அடுத்த திகதியைப் பாருங்கள். அன்றைக்குத் துணைக்குப் போக ஒருவரை இன்றைக்கே ஏற்பாடு செய்யுங்கள்.