எந்த மெஷினோ அந்தக் கூலி

ஒரே வேலைக்கு ஆம்பளைக்கு ஒரு கூலி, பொம்பளைக்கு ஒரு கூலியா என்று நம் கூட்டங்களில் பேசுகிறோம். விமான இன்ஜின் செய்யும் பெரிய கம்பெனியிலும் இந்த வழக்கு நடந்திருக்கிறது, சகோதரிகளே.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்துப் பக்கம், ஹில்லிங்டனில் ரோல்ஸ் ராய்ஸ் தொழிற்சாலை இருந்தது. இரண்டாம் உலகப்போர் சமயம், போர் விமானங்களுக்கான மெர்லின் இன்ஜின்களை அங்கே செய்தார்கள். ஆண்கள் பட்டாளத்துக்குப் போக, ஆயிரக்கணக்கான பெண்கள் மெஷினில் நின்றார்கள்.

ஆண் செய்த வேலையைத் தனியாகச் செய்யும் பெண்ணுக்கு 32 வாரம் கழித்து முழுக் கூலி என்று 1940-லேயே ஒப்பந்தம் இருந்தது. ஆனால் "இது பெண்கள் வேலை" என்று பெயரை மாற்றிக் குறைத்துக் கொடுத்தார்கள். தந்திரம் எங்கே பார்த்தீர்களா!

1943-ல் சுமார் 16,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். ஆக்னஸ் மக்லீன் என்ற தொழிலாளி முன்னால் நின்றார். போர் நேரத்தில் ஸ்டிரைக் செய்வது லேசான காரியமா?

கடைசியில் தொழிற்சாலையின் ஒவ்வொரு மெஷினையும், அதில் நடக்கும் வேலையையும் பட்டியல் போட்டுக் கூலி நிர்ணயித்தார்கள். ஓட்டுவது ஆணா பெண்ணா என்ற கணக்கு அதில் இல்லை.

பிரிட்டனில் சம ஊதியச் சட்டம் நிறைவேற 1970 ஆகிவிட்டது.