சலான் வந்தது தெரியுமா?

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஸ்கூட்டரோ, மோட்டார் சைக்கிளோ, காரோ இல்லாத வீடு இன்று அரிது. மயூர் விஹாரில் குடியிருந்து நோய்டாவில் வேலை பார்ப்பவரும், முனிர்க்காவிலிருந்து குர்காவ் சென்று வருபவரும் நம்மிடையே பலர் உண்டு. அவர்கள் நாள்தோறும் ஒரு மாநில எல்லையைக் கடந்து மீள்கின்றனர். முன்னாட்களில் போக்குவரத்துப் போலீஸார் கை காட்டி வண்டியை நிறுத்துவர். தவறு இன்னதென்று அங்கேயே தெரிந்துவிடும். இன்றோ, கம்பத்தின் மேலுள்ள காமிரா படமெடுத்துக் கொள்கிறது. வண்டி தன் வழியே போய்விடுகிறது. சலான் எழுதப்பட்ட செய்தி உரியவருக்கு எட்டினால் உண்டு, எட்டாவிட்டால் இல்லை.

நாம் அறிந்த அன்பர் ஒருவர் சர்க்கார் அலுவலில் ஓய்வு பெற்று, கும்பகோணத்தில் குடியேற நாள் குறித்தார். சாமான்கள் கட்டியாயிற்று, ரயிலுக்கு டிக்கெட்டும் எடுத்தாயிற்று. பல ஆண்டுகள் ஓட்டிய காரை ஒருவருக்கு விற்கப் பேசி, முன்பணமும் பெற்றுக்கொண்டார். பெயர் மாற்றத்திற்கு முற்பட்டபோதுதான் 9 சலான்கள் நிலுவையில் இருப்பது தெரிய வந்தது. அவற்றுள் சில நீதிமன்றம் வரை சென்றிருந்தன. படங்களைப் பார்த்ததில், இரண்டில் இருந்தது அவருடைய காரே அன்று. நிறம் வேறு, ரகம் வேறு. மறுத்து வழக்காட அவருக்கு நாளில்லை. செய்யாத குற்றத்திற்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டு ரயிலேறினார். அபராதம் ஒரு தொல்லைதான். அதனை உரிய காலத்தில் அறியாதிருப்பது அதனினும் பெருந்தொல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

முகவரி முதற்கண்

சலான் செய்தி எங்கே போகிறது? வண்டியின் பதிவுச் சான்றில் எந்த முகவரியும் எந்தக் கைபேசி எண்ணும் உள்ளனவோ, அங்கேதான் போகும். நம்மவர் பலரின் வண்டி திருச்சியிலோ மதுரையிலோ தந்தையார் பெயரில் பதிவானதாக இருக்கும். பெட்ரோலை வடித்துவிட்டு, ஆர்.சி. நகலைக் காட்டி, சாக்கு சுற்றி ரயிலில் பார்சலாக அனுப்புவார்கள்; புது தில்லி ஸ்டேஷனில் இறக்கிக்கொள்வோம். வண்டி வந்துவிடும், முகவரி ஊரிலேயே தங்கிவிடும். அறிவிப்பு சென்று சேர்வது அங்குள்ள பூட்டிய வீட்டிற்கு. குறுஞ்செய்தியோ எப்போதோ கைவிட்ட எண்ணிற்கு!

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இவ்விஷயத்தில் தெளிவாகவே உள்ளது. குடியிருப்பு மாறினால் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். வேறொரு மாநிலத்தில் பதிவான வண்டியை 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருப்பின், இங்கே புதிய பதிவெண் பெற வேண்டும். அடிக்கடி மாற்றலாகும் மத்திய சர்க்கார் ஊழியர் போன்றோருக்காக 2021-இல் பி.எச். என்னும் பதிவு வரிசை ஏற்பட்டது; புதிதாக வண்டி வாங்கும் அன்பர்கள் அதனையும் விசாரிக்கலாம். எவ்வாறாயினும், பரிவாஹன் தளத்தில் கைபேசி எண்ணைச் சரி செய்துகொள்வதே முதல் வேலை.

பார்ப்பது எப்படி?

மத்திய சர்க்காரின் பரிவாஹன் இ-சலான் தளத்தில் சலான் எண், வண்டி எண், ஓட்டுநர் உரிம எண் ஆகிய மூன்றில் ஒன்றைக் கொடுத்துத் தேடலாம். வண்டி எண்ணைக் கொடுத்தால் சாசி அல்லது இஞ்சின் எண்ணின் கடைசி இலக்கங்களையும் கேட்கும், ஆகையால் ஆர்.சி. கையில் இருக்கட்டும். தில்லியில் வண்டி ஓட்டுவோர் தில்லி போக்குவரத்துப் போலீஸாரின் தளத்தையும் உடன் பார்ப்பது நலம். மாதச் சம்பளம் வந்தவுடன் மின்சாரக் கட்டணம் கட்டுகிறோமே, அன்றே இதற்கும் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சலான் நிலுவை என்று சொல்லி வாட்ஸப்பில் ஏ.பி.கே. கோப்பு ஒன்றை அனுப்பும் மோசடிக்காரர் பெருகியிருக்கின்றனர். அதனைத் திறந்தால் கைபேசி அவர்கள் வசமாகி, பாங்குக் கணக்கிலுள்ள பணம் பறிபோகக்கூடும். சர்க்கார் சலான் ஒருபோதும் கோப்பாக நிறுவச் சொல்லி வராது. செய்தியில் உள்ள இணைப்பை அழுத்தாமல், ‘கவ் டாட் இன்’ என முடியும் சர்க்கார் தள முகவரியை நாமே தட்டெழுதிச் செல்ல வேண்டும். வீட்டுப் பெரியவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதனை அவசியம் சொல்லி வையுங்கள்.

கட்டுவதா, மறுப்பதா?

சலானைக் கண்டவுடன் பணம் கட்ட விரைதல் கூடாது. முதலில் படத்தைப் பாருங்கள். வண்டியின் ரகம், நிறம், எண், இடம், நாள், மணி ஆகிய ஆறும் பொருந்துகின்றனவா? எட்டு என்னும் இலக்கத்தை ஆங்கில ‘பி’ எழுத்தென்றும், சுழியை ‘டி’ என்றும் இயந்திரம் மாற்றிப் படிப்பதுண்டு. பிறர் எண்ணைத் தம் வண்டியில் பொருத்திக்கொண்டு திரியும் கயவரும் உண்டு.

தவறு நம்முடையதே எனில், தாமதமின்றிக் கட்டி ரசீதைப் பத்திரப்படுத்துவதே முறை. கட்டியதும் அவ்விஷயம் முடிந்தது. பிறகு மறுப்பதற்கு வழி அரிது. தவறு நம்முடையதன்று எனில், கட்டாமல் அத்தளத்தின் புகார்ப் பகுதி வழியே உடனே தெரிவியுங்கள். படத்தின் நகல், ஆர்.சி. நகல், நம் வண்டியின் புகைப்படம் ஆகியவற்றை இணையுங்கள். அந்நேரத்தில் வண்டி பழுதுபார்க்குமிடத்தில் இருந்திருப்பின் அதற்கான பில்லும் சேரட்டும். போலி எண் என்று தெரிந்தால் காவல் நிலையத்திலும் புகார் எழுதிக் கொடுத்து நகல் பெறுங்கள். நாளை அவ்வண்டி விபத்து ஒன்றில் சிக்கினால் இந்நகலே நமக்குத் துணை. 2021-இல் வந்த விதிகள், காமிராக் கருவிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வேண்டுமென்றும், அது இருக்குமிடத்தில் எச்சரிக்கைப் பலகை வேண்டுமென்றும் கூறின. மறுப்புரையில் இவற்றையும் கேட்கலாம். கட்டவும் மறுக்கவும் உள்ள கெடுவைச் சலானிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கெடு கடந்த சலான் மெய்நிகர் நீதிமன்றத்திற்குச் செல்லும். 2019-இல் தில்லியில் தொடங்கிய ஏற்பாடு இது. அத்தளத்தில் தில்லிக்கு இரண்டு பிரிவுகள் உள்ளன: காமிரா அறிவிப்புகளுக்கு ஒன்று, போலீஸார் நேரில் எழுதும் சலான்களுக்கு மற்றொன்று. ஒன்றில் காணாதது மற்றொன்றில் இருக்கும். நோய்டாவில் விழுந்த சலானுக்கு உத்தரப் பிரதேசத்தையும், குர்காவில் விழுந்ததற்கு ஹரியானாவையும் தேர்ந்து பார்க்க வேண்டும். அங்கே அபராதத்தை ஏற்றுக் கட்டலாம். வழக்காட விரும்புவதாகவும் தெரிவிக்கலாம். வழக்காடுவதெனில் அவ்வட்டார நீதிமன்றத்திற்கு அது மாற்றப்படும். குறித்த நாளில் வக்கீலின்றி நாமே சென்று நிற்கலாம். பெண்மணிகளுக்கு, வருமானம் எவ்வளவாயினும், 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு.

பழைய சலான்கள் சேர்ந்துவிட்டனவா? லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றம் கூடும் நாட்களை நோக்கியிருங்கள். பட்டியாலா ஹவுஸ், சாகேத், துவாரகா, ரோஹிணி, கர்க்கர்டூமா முதலிய வளாகங்களில் அது நடைபெறும். சில நாட்களுக்கு முன் போலீஸாரின் தளத்தில் சலானைப் பதிவிறக்கி அச்செடுத்துச் செல்ல வேண்டும். அங்கே தொகை குறைக்கப்படுவதுண்டு. ஆயினும் குடித்துவிட்டு ஓட்டியது போன்ற குற்றங்களுக்கு அங்கு இடமில்லை. அதன் தீர்ப்பே முடிவானது; மேல் முறையீடு கிடையாது.

விற்கும்போது

வண்டியை விற்றுப் பணம் பெற்றதோடு பொறுப்பு நீங்கிவிடாது. பதிவில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர் என்று 2018-இல் விபத்து நஷ்டஈட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாற்றலாகிப் போகும் அவசரத்தில், தெரிந்த மெக்கானிக்கிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவோர் இதனை நினைவில் கொள்க. ஊர் திரும்ப எண்ணுவோர் ஆறு மாதம் முன்னதாகவே சலான்களைப் பார்த்துத் தீர்த்துவிட்டால், பெயர் மாற்றத்திலும் தடையின்மைச் சான்று பெறுவதிலும் சிக்கல் எழாது.

இறுதியாக, சலானே வராதிருக்கும் வழியும் உண்டன்றோ? 2019 செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தச் சட்டத்தில், தலைக்கவசமின்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதத்தோடு மூன்று மாதம் உரிமத் தடையும் கூறப்பட்டுள்ளது. உரிமமின்றி ஓட்டினால் 5,000. காப்பீடு இல்லையெனில் முதன்முறை 2,000. சிறுவர் வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாயும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. பத்தாம் வகுப்புப் பையன் ‘முக்குக் கடை வரைதானே’ என்று சாவியைக் கேட்கும்போது தாய்மார்கள் இத்தொகையை நினைத்துக்கொள்வார்களாக. தொகையைக் காட்டிலும் பிள்ளையின் உயிர் பெரிது என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை.