கோட்டம் எடுக்கத் தெரிந்த கைகள்

அரசுப் பள்ளியில் பிளஸ் 1 படிக்கும் பிள்ளைக்கு அரசு விலையில்லா மிதிவண்டி தருகிறது. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கென்று தொடங்கிய திட்டம் இது. பிறகுதான் எல்லா மாணவருக்கும் விரிந்தது. அனந்தபுரம், செஞ்சி, விக்கிரவாண்டி பக்கத்துக் காலனிகளில் நடந்து பாருங்கள். வாசலில் அந்த வண்டி நிற்கும். சில வீடுகளில் அது சுவரோரம் சாய்ந்து கிடக்கும்.

சாய்ந்து கிடக்கும் வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டால் குறை என்னவென்று தெரிந்துவிடும். ஒன்று, ரிம் கோட்டமாகி பிரேக் கட்டையில் உரசும். இல்லையென்றால் பிரீவீல் பிடிக்காமல் பெடல் சும்மா சுற்றும். இரண்டும் தீர்க்கக்கூடிய குறைகள்தான். ஆனால் வண்டி படுத்துவிட்டால் பள்ளிக்கூடம் தூரமாகிவிடும். பேருந்து வராத ஊரில் அந்தத் தூரம் முதலில் பெண்பிள்ளையின் படிப்பைத்தான் நிறுத்தும்.

சைக்கிள் நமக்கு வெறும் வாகனம் அல்ல. பொதுத்தெருவில் நடப்பதற்கே நம் முன்னோர் போராட வேண்டியிருந்தது. பொதுச்சாலை, தெரு, பாதை எதிலும் எந்த வகுப்பாரும் நடக்கத் தடையில்லை என்ற தீர்மானத்தை 1924இல் சென்னை மாகாண சட்டசபையில் கொண்டுவந்து நிறைவேற்றியவர் இரட்டைமலை சீனிவாசன். அதன்பின் கால்கள் தெருவுக்குள் போயின. சக்கரம் போவதற்கு இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. ஊர்த்தெரு வந்ததும் இறங்கி, செருப்பைக் கழற்றி, வண்டியைத் தள்ளிக்கொண்டே போய், எல்லை தாண்டியபின் ஏறி மிதித்த தலைமுறை இன்னும் நம் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறது. 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடத்தி 2006இல் நூலாக வெளிவந்த தீண்டாமை ஆய்வும் இந்தத் தடையைப் பதிவு செய்திருக்கிறது.

அதனால்தான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015இல் திருத்தியபோது சைக்கிளைப் பெயர் சொல்லியே சேர்த்தார்கள். பட்டியலின, பழங்குடி மக்கள் பொது இடத்தில் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறிப் போவதைத் தடுப்பது, செருப்போ புத்தாடையோ அணிவதைத் தடுப்பது குற்றம். பிரிவு 3(1)(za). ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. திருத்தம் 26.1.2016 முதல் நடைமுறையில் இருக்கிறது. தடுக்கப்பட்டால் 14566 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கலாம்.

ஏறிப் போகும் உரிமையைச் சட்டம் தந்துவிட்டது. ஓடும் சக்கரத்தை நம் கைதான் தரவேண்டும். அந்த வேலையை மாணவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சைக்கிள் சக்கரம் வண்டிச் சக்கரம் போன்றதல்ல. மாட்டு வண்டியில் கீழே இருக்கும் ஆரக்கால் மரம் பாரத்தைத் தாங்கி நிற்கும். சைக்கிளின் போக்ஸ் கம்பி அப்படி நிற்காது, அழுத்தினால் வளைந்துவிடும். அதன் பலம் இழுவையில் இருக்கிறது. எல்லாக் கம்பிகளும் நாலாபக்கமும் ரிம்மை உள்நோக்கி இழுத்துக்கொண்டே இருப்பதால்தான் அத்தனை மெல்லிய கம்பிகள் ஓர் ஆளையும் ஒரு மூட்டையையும் சுமக்கின்றன. பழைய கறுப்பு சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. அதில் ஒன்று தளர்ந்தாலும் அதன் வேலை பக்கத்துக் கம்பிகள் மேல் விழும். பிறகு அவையும் ஒவ்வொன்றாக அறுந்து போகும்.

புதிதாகச் சக்கரம் கட்டும்போது ஹப்பின் துளைகளில் கம்பிகளை ஒன்றுவிட்டு ஒன்று உள்ளிருந்தும் வெளியிருந்தும் கோத்து, ஒன்றையொன்று குறுக்கே தாண்டவிட்டு, ரிம்மில் நிப்பிளால் பிடிக்க வேண்டும். முதலில் எல்லா நிப்பிளையும் ஒரே அளவுக்குத் திருகுங்கள். பிறகுதான் கோட்டம் எடுப்பது. சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம்மின் ஓரமாக ஒரு சாக்கட்டியைப் பிடித்தால் வெளியே தள்ளும் இடத்தில் கோடு விழும். ரிம் வலப்பக்கம் சாய்ந்தால் அந்த இடத்தில் ஹப்பின் இடப்பக்கத்திலிருந்து வரும் கம்பியை அரைச்சுற்று இறுக்கி, வலப்பக்கத்துக் கம்பியை அரைச்சுற்று தளர்த்த வேண்டும். மேடாக இருந்தால் அந்த இடத்தின் இருபக்கக் கம்பிகளையும் சேர்த்து இறுக்க வேண்டும். ஒரே கம்பியை முழுச்சுற்று திருகுகிறவர் கோட்டத்தை இடம் மாற்றுகிறாரே தவிர எடுப்பதில்லை. முடிந்ததும் கம்பிகளைச் சுண்டிப் பாருங்கள். ஒரு பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே ஒலி தந்தால் சக்கரம் நின்றுவிட்டது.

அடுத்தது பிரீவீல். அது ஹப்பில் மரையால் ஏறுகிறது. மிக நுண்ணிய மரை, அங்குலத்துக்கு 24 சுற்று. மண்ணும் துருவும் போகத் துடைத்து, கிரீஸ் தடவி, முதலில் கையால் மட்டுமே திருக வேண்டும். கோணலாக ஏறினால் ஹப்பே வீண். கையால் ஏறியபின் இறுக்க வேண்டிய கவலை இல்லை, மிதிக்க மிதிக்கத் தானே இறுகும். அதனாலேயே பழைய பிரீவீலைக் கழற்றுவது கடினம். கழற்றும் கருவியைப் பட்டறை வைஸில் பிடித்து, சக்கரத்தை அதன்மேல் படுக்க வைத்து, ரிம்மையே கைப்பிடியாக்கி இடப்புறமாகச் சுற்றினால் அசையும். ஆகவே பழைய சக்கரத்தைப் பிரிப்பவர் கம்பியை வெட்டுவதற்கு முன்பே பிரீவீலைக் கழற்றிவிட வேண்டும். வெட்டியபின் பிடித்துத் திருப்ப ஒன்றும் இருக்காது.

ஓடுதளப் பந்தய சைக்கிளில் பிரீவீலே கிடையாது. பல்சக்கரம் நேராக ஹப்பில் இறுகியிருக்கும். சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், பின்னோக்கி அழுத்தினால் வேகம் குறையும். அப்படி அழுத்தும்போது பல்சக்கரம் கழன்றுவிடாமல் இருக்க, எதிர்மரை கொண்ட வளையம் ஒன்றை வெளியே இறுக்குவார்கள். அந்த வளையத்துக்கென்று தனியாக மரை வெட்டிய ஹப் வேண்டும். சாதாரண ஹப்பில் பிரீவீலுக்கு வெல்டிங் வைத்து இந்த வித்தையைச் சாலையில் காட்ட முயலாதீர்கள், உயிருக்கு ஆபத்து. ஓடுதளத்தில் ஓட்ட விரும்புவோருக்கு வழி இருக்கிறது. சென்னையை ஒட்டிய மேலக்கோட்டையூரில், தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் சைக்கிள் ஓடுதளம் உண்டு. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டின் ஓடுதள சைக்கிள் போட்டிகள் அங்குதான் நடந்தன.

இத்தகைய ஓடுதளத்தில் நம் கதையைப் போன்ற ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் 1878இல் பிறந்த கறுப்பினச் சிறுவன் மார்ஷல் டெய்லர், ஒரு சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கடை வாசலில் ராணுவ உடுப்பில் வித்தை காட்டியதால் ‘மேஜர்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1894இல் அமெரிக்க சைக்கிள் ஓட்டுநர் சங்கம் கறுப்பர்களை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை என்று விதி போட்டது. டெய்லர் விடவில்லை. 1899இல் கனடாவின் மான்ட்ரியலில் ஒரு மைல் பந்தயத்தில் உலக சாம்பியன் ஆனார். நிறத்தைக் காட்டி வாசலை அடைத்தவர்களால் அவர் சக்கரத்தை நிறுத்த முடியவில்லை.

நம் மண்ணிலும் சான்று இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கல்குவாரியிலும் வயலிலும் உழைத்த பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். கேலி பேசியவர்கள் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள். அவர்கள் மிதித்துப் போய்விட்டார்கள்.

நம் காலனிகளின் அடுத்த வேலை இதுதான். மாலை நேரப் படிப்பகம் நடத்தும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு போக்ஸ் சாவி, ஒரு பிரீவீல் கருவி, இரண்டு ஸ்பேனர், ஒரு டப்பா கிரீஸ் இருக்கட்டும். விலை அதிகமில்லை. பழுதான ஒரு வண்டியை வைத்துக்கொண்டு அக்கா தங்கைக்கும், அண்ணன் தம்பிக்கும் சொல்லிக்கொடுக்கலாம். தொழில் தெரிந்த பெரியவர் காலனியில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அவரை அழைத்து உட்கார வையுங்கள். பெண்பிள்ளைகளைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள், பாதிவழியில் வண்டி நின்றுபோனால் தவிப்பவர்கள் அவர்கள்தான்.

பறையும் பிணமும் மலமும் பிறப்பால் நம் தலையில் கட்டப்பட்ட வேலைகள். சக்கரம் கட்டுவது எந்தச் சாதிக்கும் எழுதி வைக்கப்பட்டதல்ல. கற்றுக்கொண்டவர் கைக்கு அது சொந்தம். சாய்ந்து கிடக்கும் அந்த வண்டிகளில் ஒன்றை இந்த வாரமே தூக்கி நிறுத்துங்கள். திங்கட்கிழமை காலை ஒரு பிள்ளை அதில் ஏறி ஊர்த்தெரு வழியாகப் பள்ளிக்குப் போகட்டும்.