2,400 இதழ் தாண்டிய காமிக்ஸ்: எங்கே ஆரம்பிப்பது?

காமிக்ஸ் பத்திப் பேசும்போதெல்லாம் நேயர்கள்கிட்ட இருந்து திரும்பத் திரும்ப வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. "பிரிட்டன்ல வாரா வாரம் வர்ற '2000 ஏடி' காமிக்ஸைப் படிக்கணும்னு ஆசை. ஆனா அது 1977-லிருந்து ஓடிட்டிருக்கு. எங்கே ஆரம்பிக்கிறது?"

தயக்கம் நியாயமானதுதான். இதுவரை 2,400-க்கும் மேற்பட்ட இதழ்கள் வந்திருக்கு. ஒரு நாளைக்கு ஒரு இதழ்னு படிச்சாலும் ஆறரை வருஷம் ஆகும். அதை முடிக்கிறதுக்குள்ள முன்னூறுக்கும் மேல புது இதழ்கள் சேர்ந்திருக்கும். துரத்திப் பிடிக்கவே முடியாது.

அதனால பதிலை முதல்லயே சொல்லிடறேன். முதல் இதழிலிருந்து ஆரம்பிக்காதீங்க. இப்போ கடையில இருக்கிற இதழிலிருந்து ஆரம்பிங்க. ஆனா 'ஜட்ஜ் ட்ரெட்' விஷயத்துல மட்டும் ஒரே ஒரு பழைய கதையைப் படிச்சுட்டு உள்ளே போங்க. ஏன் அப்படின்னு இந்த எபிசோட்ல பார்ப்போம்.

எப்படி வந்தது இந்தப் பத்திரிகை?

1970-களின் நடுவில் லண்டனில் ஐபிசி என்ற பெரிய பதிப்பகம் சிறுவர் காமிக்ஸ்களை வாரா வாரம் வெளியிட்டு வந்தது. அங்கே வேலை பார்த்த கெல்வின் காஸ்னெல், அறிவியல் புனைவு சினிமாக்கள் வரிசையாக வரப்போகின்றன என்பதைக் கவனித்து, அதே வகையில் ஒரு காமிக்ஸ் தொடங்கலாம் என்று 1975-ல் யோசனை சொன்னார். அதை உருவாக்கும் பொறுப்பு பேட் மில்ஸ் கைக்கு வந்தது. மில்ஸ் 1976-ல் தொடங்கிய 'ஆக்‌ஷன்' என்ற காமிக்ஸ் வன்முறை அதிகம் என்ற கண்டனத்தில் சிக்கி, அதே ஆண்டு நிறுத்தப்பட்டு, பிறகு காரம் குறைத்து மறுபடி வந்தது. நிகழ்காலத் தெருவில் நடந்தால் சர்ச்சையாகும் கதை, எதிர்கால நகரத்தில் நடந்தால் தப்பித்துவிடும். '2000 ஏடி'க்கு அந்தச் சுதந்திரம் கிடைத்தது.

முதல் இதழில் அச்சிட்ட தேதி 1977 பிப்ரவரி 26. விலை 8 பென்ஸ். ஆசிரியர் யார் தெரியுமா? தார்க். பீட்டல்ஜூஸ் நட்சத்திரப் பக்கத்திலிருந்து வந்த பச்சை நிற வேற்றுக்கிரகவாசி! இன்னைக்கும் அவர்தான் ஆசிரியர். உண்மையான ஆசிரியர்கள் அவர் முகமூடிக்குப் பின்னால் மாறிக்கிட்டே இருக்காங்க. இதழுக்கு அங்கே 'ப்ராக்'னு பேர். 'ப்ரோக்ராம்' என்பதன் சுருக்கம். இந்த வேடிக்கையெல்லாம் புரியலையேன்னு கவலைப்பட வேண்டாம். ரெண்டு இதழில் பழகிடும்.

2000-ம் ஆண்டில் இந்தப் பத்திரிகையை ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் ரெபெல்லியன் என்ற வீடியோ கேம் நிறுவனம் வாங்கியது. பிறகு 2016-லும் 2018-லும் பழைய ஐபிசி, ஃப்ளீட்வே காமிக்ஸ் உரிமைகளையும் வாங்கியது. இதுல நமக்கும் ஒரு தொடர்பு இருக்கு. 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த 'இரும்புக்கை மாயாவி' ஞாபகம் இருக்கா? அதோட மூலம், 1962-ல் 'வேலியன்ட்' வார இதழில் தொடங்கிய 'தி ஸ்டீல் க்ளா'. இப்போ மாயாவியும் ஜட்ஜ் ட்ரெட்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

அது ஒரே கதை இல்லை

புது வாசகர் பயப்படுவதற்குக் காரணம், 2,400 இதழ்களும் ஒரே நீண்ட கதைன்னு நினைக்கிறதுதான். அப்படி இல்ல. ஒரு வழக்கமான இதழில் 32 பக்கம். அதில் பொதுவா ஐந்து கதைகள், ஒவ்வொன்றும் ஐந்து ஆறு பக்கம். ட்ரெட் கதை கிட்டத்தட்ட எப்பவும் இருக்கும். மற்றவை பத்துப் பன்னிரண்டு வாரம் ஓடி முடியும், அந்த இடத்துக்கு வேறொன்று வரும்.

நம்ம ஊர் வாரப் பத்திரிகையில் தொடர்கதை படிச்சவங்களுக்கு இது புதுசே இல்ல. ஒரு தொடர் முடியும், அடுத்த வாரம் புதுத் தொடர் ஆரம்பிக்கும், நாம அதில் ஏறிக்குவோம். அந்தப் பத்திரிகையின் முதல் இதழைத் தேடிப் படிச்சுட்டுத்தான் தொடர்கதை படிப்பேன்னு யாரும் சொன்னதில்லையே.

ஒரு சின்னச் சிக்கல் உண்டு. முடிந்துபோன கதை சில மாதம் கழித்து, சில சமயம் சில வருஷம் கழித்து, 'நான்காம் பாகம்' என்று திரும்பி வரும். நீங்க வாங்கிய இதழில் அந்த நான்காம் பாகத்தின் ஏழாவது வாரம் ஓடிக்கொண்டிருந்தால் ஒன்றும் புரியாது. இதற்கு அவர்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வருடத்தில் சில முறை எல்லாக் கதைகளையும் ஒரே இதழில் புதிதாகத் தொடங்குவார்கள். அதற்கு 'ஜம்பிங்-ஆன் ப்ராக்' என்று பெயர். கிறிஸ்துமஸுக்கு வரும் பெரிய இதழும் அப்படிப்பட்டதுதான். அப்படி ஒன்றைப் பார்த்து வாங்குங்க. இந்தியாவில் இருப்பவர்களுக்கு அச்சுப் பிரதியைவிட டிஜிட்டல் வசதி. அவர்களுடைய இணையக் கடையிலும் செயலியிலும் தனி இதழாகவே கிடைக்கும்.

படிக்கும்போது ரெண்டு விஷயம் செய்யுங்க. முதலாவது, தார்க் பேசும் தொடக்கப் பக்கத்தைத் தாண்டிப் போகாதீங்க. ஒவ்வொரு கதைக்கும் முன்கதைச் சுருக்கம் சில வரிகளில் அங்கே இருக்கும். ரெண்டாவது, நாலு வாரம் பொறுங்க. ஐந்து கதைகளும் யாருக்கும் பிடிக்காது. ரெண்டு பிடிச்சாலே அது நல்ல இதழ்.

ட்ரெட்டுக்கு மட்டும் ஏன் தனிக் கவனம்?

ஜான் வாக்னர் எழுத்திலும் கார்லோஸ் எஸ்கெர்ராவின் ஓவிய வடிவமைப்பிலும் உருவான ஜட்ஜ் ட்ரெட், இரண்டாவது இதழில் அறிமுகமானார். அணு ஆயுதப் போருக்குப் பிறகான அமெரிக்கா. கிழக்குக் கடற்கரை முழுக்க 'மெகா-சிட்டி ஒன்' என்ற ஒரே நகரம். 80 கோடி மக்கள், பெரும்பாலானவர்களுக்கு வேலை இல்லை. தேர்தல் கிடையாது. 'ஜட்ஜ்' என்று அழைக்கப்படும் காவலர்களே பிடிப்பார்கள், விசாரிப்பார்கள், நடுத்தெருவிலேயே தண்டனையும் தருவார்கள்.

இங்கேதான் புது வாசகர் வழுக்கி விழுவார். துப்பாக்கியோட வர்ற கண்டிப்பான போலீஸ் அதிகாரின்னா ஹீரோதான்னு சினிமா நம்மைப் பழக்கி வெச்சிருக்கு. ட்ரெட்டும் நேர்மையானவர், தைரியசாலி, லஞ்சம் வாங்காதவர். ஆறு பக்கத்துல அவர் நாலு ரவுடிகளைச் சாய்ச்சா நாம கைதட்டத்தான் செய்வோம். ஆனா இந்தக் கதை அந்தக் கைதட்டலையே கிண்டல் பண்ணுது. அது பிடிபடலேன்னா, நகைச்சுவையும் போச்சு, கதையின் வலியும் போச்சு.

அதனால்தான் முதல்ல 'அமெரிக்கா' படிங்கன்னு சொல்றேன். வாக்னர் எழுதி, காலின் மெக்நீல் வண்ணத்தில் வரைந்தது. 1990-ல் 'ஜட்ஜ் ட்ரெட் மெகஸின்' என்ற துணைப் பத்திரிகையின் முதல் இதழில் தொடங்கியது. தனிப் புத்தகமாகவும் கிடைக்கும். கதையின் மையம் ட்ரெட் இல்லை. நம்பிக்கையோடு குடியேறிய பெற்றோர் 'அமெரிக்கா' என்று பெயர் வைத்த ஒரு பெண்ணும், சிறு வயதிலிருந்தே அவளை நேசிக்கும் நண்பனும். அவள் ஜனநாயகம் கேட்டுப் போராடப் போகிறாள். ட்ரெட் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறார். தெருவில் நிற்கும் சாதாரண ஆளின் கண்ணுக்கு ஒரு ஜட்ஜ் எப்படித் தெரிவார் என்பது இந்த ஒரு கதையிலேயே விளங்கிவிடும்.

அது பிடித்துப்போனால் அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் போகலாம். 1986-ல் வந்த 'லெட்டர் ஃப்ரம் எ டெமாக்ராட்' அதற்கு முந்தைய கண்ணி. 1991-ல் நகரத்துக்கு ஜனநாயகம் வேண்டுமா என்று வாக்கெடுப்பே நடக்கிறது. நிறையப் பேர் ஓட்டுப் போட வரவில்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் ஜட்ஜ்களே ஆளட்டும் என்கிறார்கள். இதை ஒரு வாரக் காமிக்ஸ் துணிந்து எழுதியிருக்கிறது.

காலம் நிஜமாகவே ஓடும்

ட்ரெட் கதையில் இன்னொரு விசேஷம் இருக்கு. நம்ம உலகத்துல ஒரு வருஷம் போனா, அங்கேயும் ஒரு வருஷம் போகும். 1977-ல் தொடங்கியபோது கதையில் 2099. எப்பவும் 122 வருஷ வித்தியாசம். பல காமிக்ஸ் நாயகர்களுக்கு வயசே ஆகாது. ட்ரெட்டுக்கு எழுபது தாண்டிடுச்சு.

இதனால் செய்த காரியத்துக்குக் கணக்குத் தீர்ப்பதும் நிஜமான காலத்தில் நடக்கிறது. 1982-ல் வந்த 'தி அபோகலிப்ஸ் வார்' தொடரில் சோவியத் நகரம் ஒன்று போர் தொடுக்கிறது. முடிவில் ட்ரெட் அந்த நகரத்தையே ஏவுகணைகளால் அழிக்கிறார். ஐம்பது கோடிப் பேர். அன்றைக்கு அது ஹீரோவின் வெற்றி. 2011-ல் தொடங்கிய 'டே ஆஃப் கேயாஸ்' தொடரில், அந்த நகரத்தில் எஞ்சியவர்கள் கொள்ளை நோயைப் பரப்பிப் பழி தீர்க்கிறார்கள். கதையிலும் முப்பது வருஷம், படித்தவர்கள் வாழ்க்கையிலும் முப்பது வருஷம். வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பதை இவ்வளவு பொறுமையாகச் சொன்ன காமிக்ஸ் அபூர்வம்.

பழைய ட்ரெட் கதைகள் 'கம்ப்ளீட் கேஸ் ஃபைல்ஸ்' என்ற தொகுப்புகளாக வருகின்றன. முதல் தொகுதியில் நகரத்தின் விதிகளே இன்னும் முடிவாகவில்லை, சிறுவர் கதையின் வாடை அதிகம். நேராக ஐந்தாம் தொகுதிக்குப் போங்க. 'அபோகலிப்ஸ் வார்' அதில்தான் இருக்கு.

ட்ரெட் பிடிக்காதவர்களுக்கு

வன்முறையே வேண்டாம்னா, ஆலன் மூர் எழுதி இயன் கிப்சன் வரைந்த 'தி பேலட் ஆஃப் ஹேலோ ஜோன்ஸ்' முதல் பாகத்தில் ஆரம்பிங்க. 1984-ல் தொடங்கியது. வேலையற்றவர்களைக் குடிவைத்த மிதக்கும் குடியிருப்பில் இருந்து எப்படியாவது வெளியேற நினைக்கும் ஒரு சாதாரணப் பெண்ணின் கதை. அங்கே கடைக்குப் போய் வருவதே ஒரு சாகசம்! ஒன்று மட்டும் சொல்லிடறேன். மூன்றாம் பாகத்தில் போர் வரும். அதோட, உரிமைப் பிரச்சினையால் 1986-ல் மூன்று பாகத்தோடு நின்றுபோச்சு. முழுசாக முடிந்த நீண்ட கதை வேணும்னா, 1997 முதல் 2012 வரை வந்த 'நிகோலாய் டான்டே' இருக்கு. எதிர்கால ரஷ்யாவில் ஒரு திருடனின் வாழ்க்கை.

ஆக, திட்டம் இவ்வளவுதான். 'அமெரிக்கா' ஒரு மாலையில் படிச்சு முடிச்சிடலாம். அடுத்து வர்ற ஜம்பிங்-ஆன் இதழ் ஒண்ணு, கூட மூணு வாரம். பிடிச்ச கதை எதுவோ அதன் பழைய தொகுப்பைத் தேடிப் போங்க. மத்ததை விட்டுடுங்க. நாற்பது வருஷமா படிக்கிறவங்களும் எல்லாத்தையும் ஞாபகம் வெச்சுக்கிட்டுப் படிக்கிறதில்ல. அவங்களும் அடுத்த வாரம் என்ன ஆகும்னு தெரியாமத்தான் காத்திருக்காங்க. அந்த இடத்துல நீங்களும் அவங்களும் சமம்.

படிச்சுட்டு எந்தக் கதை உங்களை இழுத்ததுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.