இருப்புப்பாதை மின்சாரமும் அதன் காவலும்

காந்திபுரத்தினின்றும் கோயமுத்தூர்ச் சந்திப்பை அடைந்து வண்டிக்குக் காத்து நிற்குங்கால், தலைக்கு மேலோடும் செப்புக் கம்பியை நாம் பெரும்பாலும் நோக்குவதில்லை. அதிற் பாய்வது 25,000 வோல்ட் மின்சாரம். அதனை ஏவுவார் யாவர், அடக்குவார் யாவர் என்பதை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

தமிழ்நாட்டில் மின்சார வண்டி முதன்முதல் ஓடியது 1931-ஆம் ஆண்டில், சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே. அன்று பயன்பட்டது 1,500 வோல்ட் நேர்மின்சாரம். அழுத்தம் குறையின் ஓட்டம் மிகும். ஓட்டம் மிகின் தடித்த கம்பியும், அடுத்தடுத்துத் துணைநிலையங்களும் வேண்டும். ஆதலின் 1957-இல் இந்திய இரயில்வே 25,000 வோல்ட் மாறுமின்சாரத்தை மேற்கொண்டது. கடற்கரைப் பாதையும் 1960-களில் அம்முறைக்கு மாறிற்று.

நிற்க. மின்வாரியத்தின் மின்சாரம் மூன்று கட்டங்களாக வருவது. வண்டிக்கு வேண்டுவதோ ஒரு கட்டமே. துணைநிலையங்கள் யாவும் ஒரே வகையாகக் கொள்ளுமாயின் சுமை ஒருபாற் சாயும். ஆகையால் அடுத்தடுத்தவை வெவ்வேறு கட்டங்களிற் கொள்கின்றன. இவை தம்முட் கலப்பிற் கேடு விளையுமாதலால், இடையே மின்சாரமற்ற சிறு பகுதியொன்று அமைத்துள்ளனர். அங்கே ஓட்டுநர் இஞ்சினின் மின்தொடர்பை அறுத்து, வண்டியை அதன் வேகத்தாலேயே கடத்துவர்.

இவற்றையெல்லாம் ஆளுபவர் மின்சாரக் கட்டுப்பாட்டாளர். கட்டுப்பாட்டறையில் இரவும் பகலும் விழித்திருந்து, நெடுந்தொலைவிலுள்ள விசைகளை இருந்தவிடத்தினின்றே திறப்பர்; மூடுவர். ஒரு துணைநிலையம் பழுதுறின், முதலில் அதனைப் பிரித்துவிட்டுப் பின்னரே இணைப்பு விசையை மூடி, அண்டை நிலையத்தின் மின்சாரத்தை நீட்டுவர். இவ்வரிசை பிறழலாகாது.

மின்சாரத்தைக் கொடுப்பதினும் நிறுத்துவதே பெரும் பொறுப்பு. கம்பியைச் செப்பனிட வேண்டின், மேற்பார்வையாளர் தொலைபேசியில் அநுமதி கேட்பர். கட்டுப்பாட்டாளர் விசைகளைத் திறந்தபின், இருவரும் செய்தியை எழுதி அடையாள எண்களை மாற்றிக்கொள்வர். செவி தவறாகக் கேட்கக்கூடுமாதலின் வாய்ச்சொல் மாத்திரம் போதாது. அதன் பின்னும் தொழிலாளர் கம்பியைத் தொடார். வேலையிடத்தின் இருபுறமும் கம்பியை நிலத்தோடு இணைப்பர். விசையைத் திறந்தால் மின்சாரம் அற்றுப்போம் என்றே நாமும் எண்ணியிருந்தோம், அஃது அன்று. இரட்டைப் பாதையில் அயற்கம்பியின் தூண்டலால், பிரித்த கம்பியிலும் கொல்லத்தக்க அழுத்தம் தோன்றும். அன்றியும், எவரேனும் தவறி விசையை மூடினும், நிலஇணைப்பின் வழியே மின்சாரம் பெருகிப் பாயக் காவல்விசை உடனே திறந்துகொள்ளும். ஆட்கள் யாவரும் இறங்கினர், இணைப்புகள் நீங்கின என்று அறிவிப்பு வந்த பின்னரே கம்பிக்கு மீண்டும் மின்சாரம் செல்லும்.

அறையிலிருப்பவர் கம்பத்தின் மேலிருப்பவரின் முகத்தைக் கண்டிலர். ஆயினும் அவர் உயிர் இவர் விரலில் உள்ளது. தன் சகோதரனைக் குறித்துக் காயீன் வினவிய வினாவிற்கு அவ்வறை நாள்தோறும் விடை கூறுகின்றது. அக்கம்பியினின்றும் இரண்டு மீட்டரேனும் விலகி நின்று, அதனைக் காக்கும் கண்களை நாமும் நன்றியோடு நினைப்போமாக.